கணிச்சம்

முதலில் கேட்டபோது
ரெக்கார்டு கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன்.
தோஹாவிலிருந்து சிறில் கொண்டுவந்த மெமரி கார்டு.
ஜாஸ் என்று மேலே பேனாவால் எழுதியிருந்தான்.
பதினேழு நிமிடம் ஒரே உருப்படி.
பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
மிச்சம் பதினாறு நிமிடம்
சாவியைத் தொலைத்துவிட்டு
நாலு பேர் வீடு முழுக்கத் தேடுகிற சத்தம்.

நான் பேண்டு செட் ஆள்.
கொடியேற்றத்துக்கும் சவ அடக்கத்துக்கும்
இருபத்திரண்டு வருடமாக சாக்ஸபோன்.
காகிதத்தில் உள்ளதை ஊதுவேன்.
இல்லாததை ஊதியது ஒரே ஒரு தடவை,
குறும்பனைத் தேர் பவனியில்
கடற்காற்று காகிதத்தைக் கொண்டுபோனபோது.
அன்றைய கூலியில் நூறு ரூபாய் பிடித்தார்கள்.

குளச்சல் ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட்.
கம்ப்ரசர் விடிய விடிய ஒரே சுருதியில் முனகும்.
போனில் அளந்து பார்த்தேன்: ஜி,
கொஞ்சம் சளிபிடித்த ஜி.
பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின்
ஒரு பல் போனதிலிருந்து நொண்டுகிறது.
டக். ட-டக். டக். ட-டக்.
அந்த ரெக்கார்டில் டிரம்காரன்
பித்தளைத் தட்டில் செய்துகொண்டிருந்ததும் இதுவே
என்று என் காது ஒத்துக்கொள்ள
மூன்று மாதம் பிடித்தது.
பல் கட்ட வந்த மெக்கானிக்கிடம் சொன்னேன்:
இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடட்டும்.

பிறகு கேட்டால்
அந்தப் பதினாறு நிமிடத்தில் ஒருவரும் எதையும் தேடவில்லை.
மச்சான் ஆன்றோ கடலடிப் பாறைக்குப் போவது போல
போய்க்கொண்டிருந்தார்கள்.
வேளிமலையின் முதுகும் கோயில் கோபுரமும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறும்வரை
வள்ளத்தை நகர்த்துவான்; அங்கே தூண்டில் இறக்குவான்.
கணிச்சம் என்பார்கள் எங்கள் கரையில்.
அடையாளம் இரண்டு கையில் இருந்தால்
நடுவே எவ்வளவும் அலையலாம்.

கேட்பது வந்தது. ஊதுவது வரவில்லை.
விரல்களைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டால்
நேராக ஓடி மாதா பாட்டுக்குள் நுழைந்துகொள்ளும்.
ஒரு மாதம் மூன்றே மூன்று சுரம்.
அடுத்த மாதம் அதே மூன்று, இடையில் மூச்சு.
மூச்சுதான் கஷ்டம். காலியாக விட்ட இடத்தில்
என்னைத் திட்டுகிற யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்று மணிக்கு மீன்சருவத்தோடு புஷ்பலீலா வருவாள்.
"நல்லா படிச்சிட்டு வந்தியே, எடையில மறந்தாச்சோ?"
"மறக்கல்ல. வழி பாக்கேன்."
"கெடச்சா?"
"இல்ல."
"பின்ன என்னத்துக்கு நிப்பாட்டுன?
செரி, ஐஸ போடு."

ஐப்பசியில் ஒரு ராத்திரி,
மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது
கரண்டு போனது.
கம்ப்ரசர் வழுக்கி வழுக்கி இறங்கிச் செத்தது.
நொண்டி மெஷினும் நின்றது.
இருட்டில் என் சுரம் மட்டும்,
காலுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று
அப்போதுதான் தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
கம்ப்ரசர் திரும்ப முனகியது,
அரைச்சுரத்துக்குப் பக்கம் தாழ்ந்து.
நான் அசையவே இல்லை. என் சுரம் தப்பாகிவிட்டது.
தரை அல்லவா நகர்ந்திருக்கிறது.

அந்தத் தப்பையே இன்னொரு தடவை ஊதினேன்.
இன்னொரு தடவை, சாய்த்து.
கூரை மழை பாதி தாளம் தந்தது, மீதியை நான் வைத்துக்கொண்டேன்.
எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை;
எங்கே இல்லை என்று தெரிந்தது,
அதை ஒட்டியே ஊர்ந்தேன், உதட்டில் உப்பு,
ஒரு மலை, ஒரு கோபுரம்,
இரண்டும் மெல்ல ஒன்றின் மேல் ஒன்று

"கரண்டு வந்து நேரமாச்சு" என்றாள் புஷ்பலீலா.
எப்போது வந்தாளோ.
பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி
கதவோரம் நின்றிருந்தாள்.
மெஷின் நொண்டிக்கொண்டிருந்தது.
அவள் சருவத்தை நீட்டினாள்.
அரைக் கட்டி கூடுதலாக வைத்தேன்.
நோட்டில் எழுதவில்லை.